தாமோதரன் சார் பேசுறேன்

உட்காருங்கள் அக்கா. ராகு காலம் முடியாமல் அப்பா மெஷினைத் தொடமாட்டார். மாடியில் சாய்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜாதகம் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இந்த பெஞ்சில் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். மகளுக்கு வரன் வந்திருக்கிறதா? நல்லது. அந்த ஃபேனுக்கு நேராக நகர்ந்துகொள்ளுங்கள், இந்தப் பக்கம் காற்று வராது.

அதுவரை ஒரு கதை சொல்கிறேன். வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே இல்லை. சிரிப்பு கடைசியில்தான் வரும். நடுவில் "இதில் சிரிக்க என்ன இருக்கு" என்று கேட்கக்கூடாது. பாயசம் கேட்டால் முதலில் பாலைக் காய்ச்ச வேண்டாமா?

என் பெயர் வடிவு. பிளஸ் டூ. எனக்கு யார் குரலும் வரும். எங்கள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு கண்டக்டர், "சாத்தூர் விருதுநகர் மதுர மதுர மதுர, ஏய் பெருசு, படியில நிக்காத." எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், "வாட் இஸ் திஸ் நான்சென்ஸ், ஸ்கூலா இது சந்தையா?" எதிர்வீட்டு அத்தை குரலில் கூப்பிட்டு அவர்கள் வீட்டு நாயையே ஏமாற்றியிருக்கிறேன். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து என்னைப் பார்த்து வெட்கப்பட்டது. அப்பா குரல் கேட்கவே வேண்டாம். "வியாழன் பார்வை நல்லா இருக்கு, ஒண்ணும் பயப்படாதீய." போனில் பாதிப் பேருக்குப் பலன் சொன்னது நான்தான். உங்களுக்குக்கூட ஒருதடவை சொல்லியிருப்பேன், யார் கண்டது.

சரி, கதைக்கு வருகிறேன். கதை மெஷினைப் பற்றியது. மெஷினைப் பற்றியதும் இல்லை, எங்கள் மதினியைப் பற்றியது.

அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறதே, சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டு, அதுதான் மெஷின். அண்ணன் பிறப்பதற்கு முன்னால் அப்பா வாங்கியது. அதற்குள் ஒரு ஜாதக புரோகிராம் இருக்கிறது. எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் அது ஏறாது. ஏறினாலும் அப்பா ஏற்றமாட்டார். "இந்த மெஷின் போட்ட பொருத்தத்துல ஒரு கல்யாணம் முறிஞ்சதா சொல்லுங்க பாப்போம்" என்பார். யாரும் சொன்னதில்லை. முறிந்தவர்கள் ஏன் இங்கே திரும்பி வரப்போகிறார்கள்?

மெஷினுக்கு முன்னால் அப்பா நாற்காலி. நாற்காலிக்கு வலது பக்கம் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல் என்னுடையது. அப்பா தேதியும் நேரமும் சொல்வார், நான் தட்டுவேன். கட்டம் வரும், நான் வாசிப்பேன், அப்பா பலன் சொல்வார். எழுத்துக் கூட்டப் படித்ததே நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான். ம-க-ர-ம், செவ்-வாய்.

இன்னொன்று. எங்கள் மெஷினில் ஜாதகம் ரோஸ் கலரில் வரும். ஊரில் எவனிடமும் அது கிடையாது. முன்னால் வெள்ளையாகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு ஆயுத பூஜைக்கு, வயர்களையெல்லாம் கழற்றித் துடைத்து, மெஷினுக்கு முன்னாலும் வைத்து, பின்னால் இருக்கிற ஒவ்வொரு வாய்க்கும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சந்தனம் வைத்தேன். பின்பக்கமும் மெஷின்தானே. மறுநாள் அப்பா சுவிட்சைப் போட்டார். எழுத்தெல்லாம் ரோஸ். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். "மகாலட்சுமி வந்துட்டா. எம்மவ சந்தனம் வச்ச நேரம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வருஷா வருஷம் அந்த வேலை எனக்குத்தான். வேறு யாரையும் தொடவிடமாட்டேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் ஆவணி மாதம் அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினி வந்தாள்.

பெயர் மேகலை. உடுமலைப்பேட்டைப் பக்கம். பி.இ. எலக்ட்ரானிக்ஸ். பொருத்தம் பார்த்தது இதே மெஷின்தான். பத்துக்கு ஒன்பது என்று வந்தது. என்டர் கீயைத் தட்டியது நான். அந்த விரலை இப்போது என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

பேச்சிலேயே தேன் வடியும். "ஏனுங்க மாமா, காப்பி ஆறிப்போச்சுங்களா? வேற கொண்டாரட்டுங்களா?" எங்கள் அப்பாவுக்கு ஆயுசில் யாரும் இத்தனை 'ங்க' போட்டதில்லை. மனுஷன் உருகிவிட்டார். வீட்டில் முதல் தோசை எனக்குத்தான் வரும், அது மருமகளுக்குப் போயிற்று. செய்தித்தாளில் ராசிபலன் வாசிக்க என்னைக் கூப்பிடுவார், "மருமவளே, கண்ணாடிய காணோம், கொஞ்சம் படி" என்று ஆயிற்று. என்னுடைய குரல் விளையாட்டுக்கு அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். இப்போது மதினி முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் சிரித்தால் சிரிக்கிறான். அவளோ சிரிக்கமாட்டாள். என்னையே உற்றுப் பார்ப்பாள். "வடிவு கண்ணு, மறுக்கா ஒருக்கா சொல்லு" என்பாள். மறுக்கா சொன்னால் எந்த ஜோக் உயிரோடு இருக்கும்?

மார்கழியில் மெஷினுடைய பழைய மானிட்டர் செத்துப்போயிற்று. உள்ளே பட்டென்று ஒரு சத்தம், கருகின வாடை, அவ்வளவுதான். அப்பா ஒருவேளை சாப்பிடவில்லை. தை பிறந்தால் கூட்டம் தெருவில் நிற்கும். அண்ணன் புது மானிட்டர் வாங்கி வந்தான், மெல்லிசாக, கண்ணாடி மாதிரி. அதன் வயரில் பதினைந்து ஊசி. மெஷினில் ஒன்பது ஓட்டை. அப்பா, "கொல்லர் பட்டறையில குடுத்து ஓட்டை போட்டா என்ன" என்றார்.

அப்போது மதினி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தாள். "நானு பாக்கறனுங்க மாமா."

அப்பா என்ன செய்தார் தெரியுமா? என் ஸ்டூலை எடுத்து அவளுக்குப் போட்டார். "உக்காரும்மா" என்றார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் டம்ளர்.

அதற்கப்புறம் தினமும் அந்தத் திரைக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேரும்தான். அவள் ஒரு வயர் வாங்கி மாட்டினாள். மானிட்டரில் ஒரு நீலக் கட்டம் வந்து, 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று எழுதிக்கொண்டு, திரையில் அங்கும் இங்கும் மிதந்தது. அப்பா அதற்கு விபூதி பூசினார். அது விபூதிக்குக் கீழேயும் மிதந்தது. மதினி சொன்னாள், "மெஷினு மெதுவா கோடு போடுதுங்க மாமா. புது மானிட்டருக்கு அந்த மெதுவு ஆகாதுங்க. நடுவுல ஒரு போர்டு வெக்கோணும்." போர்டு வரவழைத்தாள். இப்போது படம் வந்தது. ஆனால் நிற்கவில்லை. ஓடுகிற ரயிலிலிருந்து பார்க்கிற தந்திக் கம்பம் மாதிரிச் சாய்ந்து சாய்ந்து ஓடியது. மேஷம் எங்கே, மீனம் எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை.

ஆனாலும் அப்பா, "பாத்தியாட்டி, என்னமா கொண்டாந்துட்டா" என்று என்னிடமே சொல்கிறார். எதைக் கொண்டுவந்தாள்? வழுக்குகிற கட்டத்தையா?

அப்போதுதான் ஒருநாள் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் போனைப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடிப் பேசுகிற ஒரு குழுவில், 'தெரிந்தவர்கள் உதவுங்கள்' என்று கேட்டு போன் நம்பரும் போட்டிருந்தாள். சாமி கொடுத்த வாய்ப்பு அக்கா. அன்றைக்கே மொட்டை மாடிக்குப் போனேன். எங்கள் பிசிக்ஸ் சார் மூக்கு, ரேஷன் கடைக்காரர் இருமல், பட்டிமன்ற நடுவர் இழுவை, மூன்றையும் போட்டுக் கலக்கினேன்.

"ஹலோ... மேகலையாம்மா? நான் தாமோதரன் பேசுறேன். ம்ஹும், ம்ஹும். ரிட்டயர்டு என்ஜினியர். உன் மெஷின் விஷயமாப் பாத்தேன். இந்த வகை மெஷினோட நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணவன் நான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு மாதிரித் தொண்டை அடைத்த குரலில், "வணக்கமுங்க சார். நீங்களே கூப்புட்டீங்களே, எம் பாக்கியமுங்க" என்றாள். அழுதுவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். பெரிய மனிதர் தானாகக் கூப்பிட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கத்தானே செய்யும்.

நான் சொன்னேன், "படம் ஏன் ஓடுது தெரியுமா? வீட்டுக் கரண்டுல அலை ஜாஸ்தி. பக்கத்துல ஒரு மிக்ஸியை ஓட விடு. அலை அடங்கிரும்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டி பின்னால் உட்கார்ந்து சிரித்தேன்.

கீழே வந்தால் மதினி, "வடிவு கண்ணு, சார் ஒருத்தரு சொன்னாருங்க. மிக்ஸி ஓடோணுமாம். நான் வயரப் புடிச்சுக்கறேன், நீ ஓட்டு. சும்மா ஓட்டுனா மோட்டார் போயிரும், தேங்கா போட்டுக்க" என்றாள். நான் ஓட்டினேன். மறுநாள் தக்காளி. அதற்கு மறுநாள் இட்லிப்பொடி. அந்த வாரம் முழுக்க வீட்டில் சட்னி என் கையால்தான். அவள் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு பக்தியாக நிற்கிறாள். பி.இ. படித்தவள். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா நோகிறது.

இல்லை அக்கா, இது இல்லை அந்தச் சிரிப்பு. இன்னும் இருக்கிறது.

அடுத்து, "மானிட்டரைக் கிழக்குப் பாத்து நெஞ்சு உயரத்துல பிடிக்கணும்" என்றேன். "வீட்டுல நீதான் கண்ணு உசரம்" என்று என் கையில் கொடுத்துவிட்டாள். பிடித்தேன். ஆட்டம் கலையக்கூடாதே. அதற்கடுத்து, "ஊசிகளைப் புளி போட்டுத் தேய்" என்றேன். அவள் போனிலேயே கேட்டாள், "ஏனுங்க சார், பக்கத்துல பூஜை அறையில பித்தளைச் சாமான் நெறைய இருக்குதுங்க. அது அழுக்கா இருந்தா அலை இழுக்குமுங்களா?" தாமோதரன் சார் 'தெரியாது' என்று சொல்லமுடியுமா? அவருக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. "கண்டிப்பா இழுக்கும்மா" என்றேன். குத்துவிளக்கிலிருந்து கைமணி வரை தேய்த்தது யார்? நான்தான். மதினிக்கு அன்றைக்குக் கையில் வெட்டுக்காயம். துணி சுற்றியிருந்தாள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அதுதான் தொல்லை. "சார், மெஷினு ஒரு நொடிக்குப் பதினஞ்சாயிரம் கோடுன்னாங்க, மானிட்டரு முப்பத்தோராயிரம் கேக்குதுங்க. போர்டு அதை ரெண்டு மடங்கு ஆக்குதுங்களா, என்னுங்க சார்?" எனக்கு என்ன தெரியும்? "நாளைக்குச் சொல்றேம்மா, இப்ப பேத்தி வந்திருக்கா" என்று வைத்துவிட்டு ஓடிப்போய்ப் படிப்பேன். பள்ளிக்கூடப் பாடத்தைக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. ஒன்பது ஓட்டையில் எந்த ஓட்டை எதற்கு, சிவப்பு எது, பச்சை எது, நீலம் எது என்று படம் போட்டுப் பார்த்தேன். இரண்டு கம்பிகள் உண்டு அக்கா. ஒரு கோடு எங்கே முடிகிறது என்று ஒன்று சொல்லும். பக்கம் எங்கே முடிகிறது என்று மற்றது சொல்லும். படம் ஓடுகிறது என்றால் இந்த இரண்டில்தான் கோளாறு.

மதினி குளிக்கப் போன நேரம் திரையை விலக்கிப் பார்த்தேன். என்ன செய்திருந்தாள் தெரியுமா? அந்த இரண்டு கம்பியையும் போர்டில் மாற்றி மாட்டியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அழகாகச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள், சீட்டு சரியாக இருக்கிறது, மாட்டினது தப்பு. இதற்கு ஒரு பி.இ. நான் மாற்றி மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன். படம் நின்றது. அப்படியே நின்றது. மேஷம், ரிஷபம், மிதுனம், எல்லாம் ரோஸாக.

எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. அதற்குள் அப்பா வந்துவிட்டார். பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "மருமவளே, மேகலாம்மா, ஓடியா. உங்கைராசிதான் கைராசி."

அவள் ஈரத்தலையோடு வந்து நின்று, "நானு ஒண்ணும் பண்ணலைங்க மாமா" என்கிறாள். அந்த அடக்கத்தைப் பார்த்து அப்பாவுக்கு இன்னும் குளிர்ந்துபோயிற்று. அம்மா திருஷ்டி சுற்றிப்போட்டாள். கைராசி அவளுக்காம். என் ரோஸ், என் சந்தனம், என் ஸ்டூல், நான் மாற்றின கம்பி. 'நான்தான் செய்தேன்' என்று சொல்லவும் வழியில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டால் தாமோதரன் சாரைச் சொல்லவேண்டும். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மதினி மட்டும் ஒரு தட்டில் போட்டு மூடி வைத்திருந்தாள். அதையும் சாப்பிடவில்லை. கொஞ்சம்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் மதினி சாருக்குப் பேசினாள். "சார், எல்லாம் வந்துருச்சுங்க. ஆனா வெள்ளையா வரோணும், ரோஸா வருதுங்க. எந்தக் கலரு வரலீங்க சார்?"

நான் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் இருக்கிறது, பச்சை இல்லை, அதனால் ரோஸ். பச்சைக்கு நாலாவது ஓட்டை. திரைக்குப் பின்னால் போய் டார்ச் அடித்துப் பார்த்தால் நாலாவது ஓட்டைக்குள் சந்தனம் கல்லாக இறுகிக் கிடக்கிறது. அடைத்திருந்தது சந்தனம் என்பது விஞ்ஞானம். யார் அடைத்தது என்பதெல்லாம் வேறு விஷயம்.

அந்த இடத்தில்தான் அக்கா எனக்கு அந்த யோசனை வந்தது. இதுவரை செய்ததெல்லாம் பிள்ளை விளையாட்டு. இது வேறு. அப்பாவுக்கு ரோஸ் என்றால் உயிர். அந்த ரோஸை மதினி கையாலேயே போகவைத்தால்?

"ம்ஹும், மேகலையாம்மா, நாலாவது ஓட்டையில ஏதோ அடைச்சிருக்கு. குண்டூசியால நோண்டி எடுத்துரு. படம் பளிச்சுனு வரும்."

"செய்யறனுங்க சார்" என்றாள். வைக்கவில்லை. "சார், ஒண்ணு கேக்கோணுமுங்க. எனக்குக் கோயம்புத்தூருல வேலை கெடச்சிருக்குதுங்க. அவரும் மாத்தல் வாங்கிக்கறேன்னு சொல்றாரு. ஆனா மெஷினைப் பாத்துக்க ஆளு இல்லாம மாமா உடமாட்டீங்கறாருங்க. நானு என்ன செய்யட்டுமுங்க?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. போகப்போகிறாளாம். பழம் நழுவி வாயில் விழுகிறது. குரல் என் குரலாகிவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது. "வீட்டுல ஒரு பொண்ணு இருக்குனு சொன்னியே? அவ மகா கெட்டிக்காரி. அவகிட்ட விட்டுட்டுப் போ."

"அவளுக்கு ஆர்வம் இருக்குமுங்களா சார்? மதுரைக்குப் போயி விஸ்காம் படிக்கோணும், டிவில வரோணும்னு சொல்லிட்டுத் திரியறா. ஹாஸ்டலெல்லாம் பாத்து வெச்சிருக்கா."

"அதெல்லாம் சும்மா பேச்சும்மா. அவளுக்கு அந்த ஸ்டூல்தான் உசிரு."

"அப்புடிங்களா. நீங்க சொன்னா சரிங்க சார்" என்றாள். மறுபடியும் தொண்டை அடைத்துக்கொண்டது. பாவம், வீட்டைவிட்டுப் போவது என்றால் யாருக்கும் வருத்தம்தானே.

தை பிறந்த முதல் முகூர்த்த நாள். இந்த பெஞ்ச் முழுக்க ஆள். மதினி காலையிலேயே குண்டூசியால் நோண்டிவிட்டாள். அப்பா சுவிட்சைப் போட்டார். எழுத்தெல்லாம் வெள்ளை, வெளேரென்று. அதுமட்டுமா? கட்டத்துக்குக் கீழே, இத்தனை வருஷமாக வெறும் இருட்டாக இருந்த இடத்தில், பச்சையில் ஒரு வரி: 'பிறந்த நேரம் தோராயமானால் பலன்கள் மாறும்.'

முன்னால் உட்கார்ந்திருந்தவர், கயத்தாற்றுக்காரர், அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "எம்பய பொறந்தது சாயங்காலம் மாடு திரும்புற நேரம்னுதானே எழுதியிருக்கு. அப்ப பலன் மாறுமா சோசியரே?" என்றார்.

உங்கள் மகள் நேரம் சரியான நேரம்தானே அக்கா? 'சுமார் விடியற்காலை'யா? ம். அதொன்றும் இல்லை. இப்போது அந்த வரி தெரியாது, கவலைப்படாதீர்கள்.

அப்பா முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. மதினியைக் கூப்பிட்டார். "மருமவளே, ரோஸ் எங்க?" "இதுதானுங்க மாமா சரியான கலரு." "சரியான கலர் எனக்கு எதுக்கு? ரோஸைக் கொண்டா." அவள் வயரைத் தொட்டாள், போர்டைத் தொட்டாள், கையைப் பிசைந்தாள். "எனக்குத் தெரியலீங்க மாமா." அத்தனை பேருக்கு முன்னால். எனக்கு உச்சிவெயிலில் மோர் குடித்த மாதிரி இருந்தது.

நான் எழுந்தேன். நிதானமாகப் போனேன். போர்டுக்குப் போகிற கம்பிகளில் பச்சையை மட்டும் சுண்டி எடுத்தேன். ரோஸ். வரியும் மறைந்தது. ஜனமெல்லாம் ஆ என்று பார்க்கிறது. அப்பா என் தலையில் கைவைத்து, "எம்மவ. எம்மவ இருக்கும்போது எனக்கு என்னட்டி குறை" என்றார். ஸ்டூலிலிருந்து மதினி தானாக எழுந்தாள். என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "வடிவுக்குத்தானுங்க மாமா இந்த மெஷினு கேக்குது. எனக்கெல்லாம் கேக்காது. அப்ப நாங்க கோயமுத்தூரு கெளம்பட்டுங்களா?" அப்பா ரோஸையே பார்த்துக்கொண்டு, "தாராளமாப் போயிட்டு வாங்க" என்றுவிட்டார்.

போன வாரம் போய்விட்டார்கள். பஸ் ஏறும்போது மதினி என்னைக் கட்டிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தோற்றுப்போன துக்கம். நான்கூடக் கொஞ்சம் இரக்கப்பட்டேன்.

இப்போது சிரிக்கலாம் அக்கா. இதுதான் அந்த இடம். இல்லாத ஒரு மனுஷனை வைத்து ஒரு என்ஜினியரை மிக்ஸிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, கடைசியில் வீட்டைவிட்டே கிளப்பியிருக்கிறேன்.

சிரிக்கவில்லையே நீங்கள். நீங்களும் ஒரு வீட்டு மதினிதானே, அதுதான்.

மதுரையா? அது இல்லை அக்கா. அப்பா சொல்லிவிட்டார், "நீ இல்லேன்னா மெஷின் ஓடாதுட்டி. தபால்ல ஏதாச்சும் படிச்சுக்க." அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். ஆமாம், ஹாஸ்டல் பார்த்துத்தான் வைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரியும் என்று என் சிநேகிதி சொன்னாள். பரவாயில்லை. ஸ்டூல் என்னுடையது ஆயிற்றே. ஞாயிற்றுக்கிழமைகூட என்னால் நகரமுடியாது, பாருங்களேன், இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் போர்டு மக்கர் செய்யும், நான்தான் பார்க்கவேண்டும். வேறு யாருக்கும் தெரியாது.

நம்பரா? எந்த நம்பரிலிருந்து பேசினேனா? என் நம்பரிலிருந்து பேச நான் என்ன மக்கா? மேசை டிராயரில் அண்ணனுடைய பழைய சிம் ஒன்று கிடந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் மதினியும் அவனுமாகச் சேர்ந்து புது நம்பர் வாங்கிக்கொண்டார்கள், இதைத் தூக்கிப் போட்டுவிட்டான். அதில் ஒரு அதிசயம் கேளுங்கள். நடுவில் ரீசார்ஜ் தீர்ந்துபோயிற்று. போச்சுடா என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் தானாகவே ரீசார்ஜ் ஆகியிருக்கிறது. கம்பெனிக்காரன் கைதவறிப் போட்டிருப்பான்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

அண்ணன் அந்த நம்பரில் யாரிடம் பேசுவானா? எல்லோரிடமும்தான். ஆபீஸ். சிநேகிதர்கள். நிச்சயம் முடிந்ததிலிருந்து கல்யாணம் வரைக்கும் மதினியிடம். நாள் முழுக்க அதே வேலைதான், போன் காதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

மதினி போனில் அந்த நம்பர் என்ன பெயரில் இருந்திருக்குமா? என்ன பெயரில் இருக்கும், அண்ணன் பெயரில்தான்...

இருங்கள்.

இல்லை, இருங்கள் அக்கா. முதல் தடவை நான் ஹலோ சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை என்றேனே.

தொண்டை அடைத்துக்கொண்டது என்றேனே.

அந்தக் கம்பி. சீட்டு எல்லாம் சரியாக எழுதி ஒட்டியிருந்தது.

பஸ்ஸில் ஏறும்போது என்ன சொன்னாள் தெரியுமா? காதுக்குள் சொன்னாள். "வரட்டுங்களா சார்" என்றாள். சாரிடமே பேசிப் பேசி வாய்தவறி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.